ஒன்பது துண்டும் ஒரு மாடியும்

லேசர் வெட்டும் இயந்திரத்துக்குக் கோடு மட்டும்தான் தெரியும். கோட்டைப் போட்டவர் பட்டதாரியா பயந்தாங்கொள்ளியா என்று அது பார்ப்பதில்லை.

நான் இரண்டுமாக இருந்தேன். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி, படித்தது புவியியல். தொண்ணூறுகளின் நடுவில், கோலாலம்பூரில் திரும்பிய பக்கமெல்லாம் அடுக்குமாடி எழும்பிக்கொண்டிருந்த நேரத்தில், பிரிக்ஃபீல்ட்ஸ் கடைவீட்டு மாடி ஒன்றில் கட்டட மாதிரிகள் செய்யும் சின்ன நிறுவனத்தில் வேலை கிடைத்தது. கட்டடக் கலைஞர்கள் டிஸ்கெட்டில் அனுப்பும் வரைபடத்தை நான் கணினியில் பிரித்து, சுவர் தனி, தளம் தனி, கூரை தனி என்று துண்டு துண்டாக வரைந்து கொடுக்க வேண்டும். லேசர் அந்தக் கோடுகளின் மேலேயே ஓடி அக்ரிலிக் தகட்டை வெட்டும். வெட்டியதை ஒட்டினால், வீடு விற்கும் இடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்குமே ஒரு குட்டிக் கட்டடம், அது வந்துவிடும்.

மொத்தம் நான்கு பேர். முதலாளி ராகவனை நாங்கள் பாஸ் என்போம். இயந்திரத்தை ஓட்டுபவர் ஜோசப் அண்ணன். துண்டுகளை ஒட்டுபவர் லில்லி ஆன்டி. சீனர், ஆனால் பிரிக்ஃபீல்ட்ஸிலேயே பிறந்து வளர்ந்ததால் எங்களைவிட வேகமாகத் தமிழில் திட்டுவார். திட்டு வாங்கும் நான்காவது ஆள் நான்.

ஆறு மாதம் புரொபேஷன். அதை அளக்க பாஸ் ஒரு கம்பி வைத்திருந்தார். தேநீர் பிளாஸ்க்குக்கு மேலே சுவரில் நீளமாகக் கட்டியிருந்த நிஜக் கம்பி. என் வரைபடத்தில் உள்ள தவறால் ஒரு துண்டு வீணானால், அதில் என் பெயரை எழுதிக் கம்பியில் மாட்டிவிடுவார். ஆறு மாதத்துக்குள் பத்து சேர்ந்தால் நிரந்தர வேலைக் கடிதம் கிடையாது. எனக்கு முன்னால் இருந்தவர் எட்டு வாரத்தில் பத்தைத் தொட்டுவிட்டாராம். தேநீர் குடிக்கப் போனாலும் கம்பி, குடித்துவிட்டுத் திரும்பினாலும் கம்பி. புரொபேஷன் என்ற சொல்லைக் கேட்டால் இன்னும் நாள்காட்டியைத் தேடுகிறவர்களே, மேலே படியுங்கள். நீங்கள் தனியாக இல்லை.

நகர்ந்துபோன வீடு

முதல் வாரம், ஒரு மாடி வீட்டின் முன்சுவரை வரைந்தேன். ஆறு ஜன்னல், ஒரு வாசல், எல்லாம் மில்லிமீட்டர் பிசகாமல். மூன்று முறை சரிபார்த்துவிட்டுத்தான் ஜோசப் அண்ணனிடம் டிஸ்கெட்டைக் கொடுத்தேன். அவர் பொத்தானை அமுக்கிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவருக்கு முதலிலேயே தெரிந்திருக்கிறது.

லேசர் முதலில் வெளிக்கோட்டை வெட்டியது. வெட்டியதும் சுவர் தகட்டிலிருந்து விடுபட்டு லேசாகச் சரிந்து உட்கார்ந்தது. இயந்திரத்துக்கு அது எப்படித் தெரியும்? ஜன்னல்களைப் பழைய இடத்திலேயே வெட்டிக்கொண்டு போனது. எடுத்துப் பார்த்தால் ஜன்னல் எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்து, வாசல் பாதி சுவருக்கு வெளியே இருந்தது. உள்ளே வெட்ட வேண்டியதற்கு ஒரு நிறம், வெளியே வெட்ட வேண்டியதற்கு வேறு நிறம் கொடுத்து, உள்ளேயிருப்பதை முதலில் முடிக்க வேண்டும் என்று எந்தப் பல்கலைக்கழகத்திலும் சொல்லித் தரவில்லை. பாஸ் முதல் துண்டைக் கம்பியில் மாட்டினார். ஜோசப் அண்ணன் எனக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: “கவலப்படாதம்மா, கதவு இல்லாத வீட்டுக்குப் பூட்டுச் செலவு மிச்சம்.”

ஐந்து கோடு

இரண்டாவது, மூன்றாவது துண்டுகள் தீயில் போயின. பங்சாரிலிருந்து ஒரு கட்டடக் கலைஞரின் வரைபடம் வந்தது. திரையில் பார்க்க அழகாக இருந்தது. வெட்டும்போது லேசர் ஒரே கோட்டில் திரும்பத் திரும்ப ஓடியது. மூன்றாவது ஓட்டத்தில் தகடு பழுத்தது, ஐந்தாவதில் பற்றிக்கொண்டது. ஜோசப் அண்ணன் ஈரத்துணியைப் போட்டு அணைத்தார். என்னால் நம்ப முடியாமல் இன்னொரு தடவை ஓட்டச் சொன்னேன். அதுவும் பற்றிக்கொண்டது.

பிறகுதான் புரிந்தது. ஒரு கோட்டின் மேல் இன்னொரு கோடு அச்சு அசலாகப் படுத்திருந்தால் திரையில் ஒன்றாகத்தான் தெரியும்; லேசர் மட்டும் ஒவ்வொன்றையும் மதித்து வெட்டும். அன்றிலிருந்து எந்த வரைபடம் வந்தாலும் முதல் வேலையாக, மேலே படுத்திருக்கும் கோடுகளையெல்லாம் ஒரு கட்டளையில் அழித்துவிடுவது என் வழக்கமாயிற்று. பாஸ் இதைப் பாராட்டினார். இந்தப் பாராட்டை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும். பங்சார்காரரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, ஒரு சுவருக்கு ஏன் சார் ஐந்து கோடு என்று பணிவாகக் கேட்டேன். அவர் கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னார்: “எங்க ஆபீஸ்ல அஞ்சு பேரு சேர்ந்துதானே வரைஞ்சோம்?”

கீழ்க்கடை வடை

எங்களுக்குக் கீழே சாப்பாட்டுக் கடை. இயந்திரத்தின் புகைக்குழாய் பின்பக்கச் சந்தில், அவர்கள் அடுப்படிக்கு நேர் மேலே போய்த் திறந்துகொண்டது. தீப்பிடித்த மறுநாள் கடை உரிமையாளர் இடுப்பில் துண்டோடு படியேறி வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நான் கணினிக்குப் பின்னால் பதுங்கினேன். அவர் கம்பியில் தொங்கிய இரண்டு கருகிய துண்டுகளையும் எடுத்து முகர்ந்து பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. “நேத்து எங்க மாஸ்டர் வடையக் கருக்கிட்டாருன்னு நாள் பூரா ஏசிட்டேன், பாவம்.”

லோங்காங்

அப்பா பொதுப்பணி இலாகாவில் இருபத்திரண்டு வருடமாகச் சாலை போடுபவர். சுங்கை பூலோவில் எங்கள் வரிசையில் இருக்கும் அத்தனை வீட்டிலும் “நம்ம மலரு கொண்டோ கட்டுது” என்று சொல்லி வைத்திருந்தார். அது கொண்டோ அடுக்குமாடி இல்லை, அரை மீட்டர் உயரப் பொம்மை என்று நான் சொன்னதை அவர் கேட்டுக்கொள்ளவே இல்லை. நான் நிரந்தரமானதும் வரிசை முழுவதற்கும் விருந்து என்றும் சொல்லிவிட்டார். அந்த நேரத்தில் கம்பியில் மூன்று தொங்கிக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது, நான் சொல்லவில்லை. பொய் சொல்லவில்லை, சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஒரு சனிக்கிழமை, சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போட்டுக்கொண்டு அலுவலகத்துக்கே வந்துவிட்டார். மேசையில் பன்னிரண்டு வரிசை வீடுகளின் மாதிரி இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து, வீடுகளைப் பார்க்காமல் சாலையை மட்டும் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தார். சாக்கடைக் கால்வாயை எங்கள் ஊரில் எல்லாரும் லோங்காங் என்போம். அது எங்கே என்று கேட்டார். இந்த அளவில் அதை வரைந்தால் தலைமுடி அகலம்கூட வராது, அதனால் விட்டுவிட்டேன் என்றேன். அப்பா நிமிர்ந்து என்னை விட்டுவிட்டு பாஸிடம் போனார். “பாஸ், மழை பெஞ்சா இந்தப் பன்னண்டு வீட்டுக்காரனும் உங்க வாசல்லதான் வந்து நிப்பான், ஒரு லோங்காங் போட்டுருங்க.”

காருக்கு ஒரு வீடு

கிள்ளானில் துணிக்கடை வைத்திருந்த ஒருவர், தான் கட்டப்போகும் பங்களாவுக்கு மாதிரி கேட்டார். மூன்று மில்லிமீட்டர் தகடு, எனவே சுவர் செருகும் பள்ளத்தை மூன்று மில்லிமீட்டராக வரைந்தேன். நியாயம்தானே? ஆனால் அந்தத் தகடு மூன்றுக்குக் கொஞ்சம் குறைவு. லேசரும் தன் பங்குக்கு இரண்டு பக்கமும் ஒரு மயிரிழை தின்று பள்ளத்தைத் தளர்த்திவிடும். லில்லி ஆன்டி சுவர்களைச் செருகி வைத்துவிட்டு மின்விசிறியைப் போட்டார். பங்களா படுத்துவிட்டது. ஒரு வீடுதானே, ஒரு துண்டாகக் கணக்கு வையுங்கள் என்று பாஸிடம் கெஞ்சிப் பார்த்தேன். அவர் நான்கு சுவரையும் தனித்தனியாக மாட்டினார். ஏழு.

புதிதாக வெட்டி ஒட்டி முடித்ததும் துணிக்கடைக்காரர் வந்தார். சுற்றிப் பார்த்தார், திருப்திதான். பிறகு பையிலிருந்து ஒரு கறுப்புப் பொம்மைக் காரை எடுத்து முகப்பில் நிறுத்தினார். அது அந்த மாதிரிக்கு இருக்க வேண்டிய அளவைவிட இரண்டு மடங்கு பெரியது. முன்பாதி கூரைக்குக் கீழேயும் பின்பாதி மல்லிகைப் பந்தல் மேலேயும் நின்றது. காரைச் சின்னதாக நாங்களே செய்து தருகிறோம் என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை. முகப்பைப் பெரிதாக்கினால் தூண் மேல்மாடி ஜன்னல் வரை போகும் என்று அளவுகோலை வைத்து விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “வீடு சின்னதா இருந்தா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்கம்மா, காரு சின்னதா இருந்தா கிள்ளான் பூராவும் பேசும்.”

வெளியேறும் மக்கள்

ஐந்தாவது மாதம் பெரிய வேலை வந்தது. கிள்ளானில் கட்டப்போகும் பதினெட்டு மாடிக் கொண்டோ. அதை விற்கும் பொறுப்பு கீதா மேடத்துக்கு. அவர் நடந்து வந்தால் காலணி ஓசைக்கே லில்லி ஆன்டி பசை பாட்டிலை மூடிவிடுவார். நீச்சல் குளத்தைச் சுற்றி மனிதர்கள் வேண்டும் என்றார். ஒன்பது மில்லிமீட்டர் உயரத்தில் ஒரு ஆண், ஒரு பெண், ஒரு குழந்தை வரைந்து, நகலெடுத்து, நூற்றைம்பது பேரை அட்டையில் வெட்டினோம். முதல் தாளில் கணுக்கால் மெலிந்துபோய் எல்லாரும் பாதம் இல்லாமல் வந்தார்கள். எட்டு.

இரண்டாவது தாளில் பாதம் வந்தது. லில்லி ஆன்டி சாமணத்தால் ஒவ்வொருவராக நட்டு முடித்தார். கீதா மேடம் குனிந்து பார்த்தார். ஒரே உருவத்தை நகலெடுத்ததால் நூற்றைம்பது பேரும் ஒரே திசையில், கையை வீசிக்கொண்டு, பிரதான வாசலை நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள். யாரோ வெடிகுண்டு என்று கத்தியது போல இருந்தது. ஒன்பது. “மலர், நான் இங்க வீடு விக்கணும், நீங்க எல்லாரையும் காலி பண்ண வெச்சிருக்கீங்க.”

ரயிலில் எண்ணியது

பாதிப் பேரைப் பிடுங்கிக் கம்பிக்கு அனுப்பிவிட்டு, எதிர்த்திசைக்குப் புதிதாக வெட்டி நட்டு, வெள்ளிக்கிழமை மாலை மாதிரியைக் கிள்ளானில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் இறக்கினோம். ஞாயிற்றுக்கிழமை விற்பனைத் தொடக்கம். திங்கட்கிழமை என் ஆறு மாதம் முடிகிறது. கம்பியில் ஒன்பது. ஜோசப் அண்ணன் கைகுலுக்கி, தப்பிச்சுட்டேம்மா என்றார்.

வீட்டுக்கு ரயிலில் போகும்போது கீதா மேடம் கொடுத்த விளம்பரத் தாளைப் புரட்டினேன். பதினெட்டு மாடி என்று பெரிதாகப் போட்டிருந்தது. எனக்கு எதையும் எண்ணிப் பார்க்காமல் இருக்க முடியாது. அந்த மாதிரியில் ஒவ்வொரு மாடியும் ஒரு தனிப் பெட்டி. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். லில்லி ஆன்டியிடம் கொடுத்த பெட்டிகளை மனசுக்குள் எண்ணினேன். பதினேழு. திரும்ப எண்ணினேன். பதினேழு. சுங்கை பூலோ வந்தும் இறங்காமல் அடுத்த நிலையம்வரை எண்ணிக்கொண்டே போனேன்.

மறுநாள் காலை எல்லாருக்கும் முன்னால் போய் மூல டிஸ்கெட்டைப் போட்டுப் பார்த்தேன். கட்டடக் கலைஞர் எல்லா மாடிகளையும் வரிசையாகப் பரப்பியிருந்தார், ஒன்றைத் தவிர. ஒன்பதாம் மாடியை எட்டாம் மாடியின் மேலேயே, துளி விலகாமல் படுக்க வைத்திருந்தார். இரண்டும் ஒரே மாதிரி மாடிகள். என் அருமையான பழக்கம், ஒன்பதாம் மாடியை மேலே படுத்திருக்கும் குப்பை என்று அழித்துவிட்டது. மாடி எண்ணின் மேல் எண் விழுந்து கறுப்பாகக் கிடந்ததையும் நானே சுத்தம் செய்திருந்தேன். இருந்ததையெல்லாம் மூன்று முறை சரிபார்த்தேன். இல்லாததை எப்படிச் சரிபார்ப்பது?

அடுத்து வந்தவர் ஜோசப் அண்ணன். விஷயத்தைச் சொன்னேன். அவர் கம்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குரலைத் தாழ்த்தினார். பாஸ் எண்ணவில்லை, கீதா மேடம் எண்ணவில்லை, திங்கட்கிழமை கடிதம் வந்ததும் வாயைத் திற என்றார். என் நல்லதுக்குத்தான் சொன்னார். “பதினேழும் பதினெட்டும் கீழேருந்து பார்த்தா ஒண்ணுதாம்மா, கழுத்து வலிக்கிறதுக்குள்ள யாரு எண்ணப் போறா?”

கூரையைத் தூக்கியபோது

அது எனக்கும் சரியாகத்தான் பட்டது, பாஸ் படியேறி வரும்வரை. அவர் பையைக் கீழே வைப்பதற்குள் சொல்லிவிட்டேன். தைரியம் எல்லாம் இல்லை. இரண்டு நாள் அதை வயிற்றில் வைத்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. பாஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேறு யாருக்காவது தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன், ஜோசப் அண்ணனைக் காட்டிக்கொடுக்காமல். பிறகு ஏன் சொன்னாய் என்றார். மேல்மாடியில் வீடு பதிவு செய்கிறவர் வந்து தன் வீட்டை விரலால் எண்ணித் தொட்டுப் பார்ப்பார், பதினேழிலேயே கூரை வந்துவிட்டால் என்ன செய்வது என்றேன். பாஸ் பசை பாட்டிலை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

அரை மணி நேரத்தில் ஒரு மாடியை வெட்டினோம். லில்லி ஆன்டி என்னைத் திட்டிக்கொண்டே ஒட்டினார். பிறகு நான்கு பேரும் வேனில் கிள்ளானுக்குப் போனோம். வழியெல்லாம் நான் அந்த மாடியை மடியில் வைத்து, இடியப்பத் தட்டைப் போல இரண்டு கையாலும் மூடியிருந்தேன். உள்ளே பல்பு மாற்ற வேண்டும் என்பதற்காகக் கூரையை மட்டும் ஒட்டாமல் ஒட்டுநாடாவில் நிறுத்தியிருந்தோம், அதனால் பிழைத்தோம். கூரையைத் தூக்கி, மாடியை வைத்து, மறுபடி மூடினோம். எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் செருக வேண்டாமா என்று கேட்டேன். லில்லி ஆன்டி, எல்லாம் ஒரே மூஞ்சிதானே, எந்த மாடி எந்த மாடி என்று அதுக்கே தெரியாது லா என்றார்.

நாங்கள் கூரையிலிருந்து கையை எடுக்கும் நேரத்தில் காலணி ஓசை கேட்டது. நான் மேசைக்கடியில் போயிருப்பேன், பாஸ் சட்டையைப் பிடித்து நிறுத்தினார். அவரே வாயைத் திறந்து, மேடம், ஒரு மாடி குறைந்திருந்தது, இப்போது வைத்துவிட்டோம் என்றார். கீதா மேடம் இரண்டு அடி பின்னால் போய்த் தலையைச் சாய்த்துப் பார்த்தார். “நேத்தே என்னமோ குட்டையா இருக்கேன்னு நெனச்சேன்; நான் புது ஹீல்ஸ் போட்டிருந்தேன், அதனாலன்னு விட்டுட்டேன்.”

திங்கட்கிழமை

காலையில் பாஸ் கடிதத்தை மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கையெழுத்து இல்லை. பக்கத்தில் என் பெயர் எழுதும் கறுப்புப் பேனா. வீட்டில் அப்பா விருந்துக்குக் கோழி சொல்லி வைத்திருந்தார். நான் போய் நின்றேன். பாஸ் எழுந்து கம்பியடியில் போய், ஒன்றிலிருந்து ஒன்பதுவரை விரலால் தொட்டு எண்ணினார். பிறகு நின்றார். சுற்றுமுற்றும் பார்த்தார். குப்பைத் தொட்டியைக்கூட எட்டிப் பார்த்தார். ஜோசப் அண்ணன் இயந்திரத்தைத் துடைப்பது போல முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார். லில்லி ஆன்டி வெளிப்படையாகவே வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்.

நானே உதவ முயன்றேன். பத்தாவது அந்த மாடிதான் பாஸ் என்றேன். அந்த மாடி நன்றாகத்தானே இருக்கிறது, கிள்ளானில் நிற்கிறது என்றார். அது சனிக்கிழமை வெட்டிய மாடி, நான் சொல்வது வெட்டாமல் விட்ட மாடி என்றேன். லில்லி ஆன்டி, வாயை மூடு என்று தமிழ், மலாய், சீனம் மூன்றிலும் சொன்னார். பாஸ் மேசைக்குத் திரும்பி வந்து, கறுப்புப் பேனாவை எடுத்துக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். “கம்பியில மாட்டணும்னா துண்டு வேணும், வெட்டவே வெட்டாததை எங்க ஓட்டை போட்டு மாட்டுறது?”

வெட்டிக் கெடுத்தது ஒன்பது, வெட்டாமல் கெடுத்தது ஒன்று, ஆக மொத்தம் ஒரு நிரந்தர வேலை, ஒரு கோழி விருந்து, எந்த லிஃப்டில் ஏறினாலும் பொத்தான்களை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் ஒன்றை அமுக்குகிற வியாதி.